இடியைத் தாங்குவது யார்? சீன அனிமேஷன் படங்களின் குழந்தைகள்

கொட்டும் மழை. நான்கு கடல்களின் டிராகன் அரசர்களும் வானத்தில் திரண்டு நின்று ஊரை மூழ்கடித்துவிடுவோம் என்று மிரட்டுகிறார்கள். கீழே ஒரு சிறுவன் நிற்கிறான். கிழக்குக் கடல் அரசனின் மூன்றாவது மகனைக் கொன்றவன் அவன். அவனை ஒப்படைத்தால் ஊர் தப்பும். அப்பா வாளை ஓங்குகிறார், வெட்ட முடியாமல் கை தளர்ந்துவிடுகிறது. பையனே அந்த வாளை எடுக்கிறான். நீங்கள் தந்த எலும்பையும் சதையையும் உங்களுக்கே திருப்பித் தந்துவிடுகிறேன், என்னால் உங்களுக்குத் தொல்லை வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்கிறான். 1979-இல் ஷாங்காய் அனிமேஷன் ஸ்டுடியோ எடுத்த படம் இது. அடுத்த வருடம் கான் திரைப்பட விழாவிலும் திரையிட்டார்கள். சீனாவில் எண்பதுகளில் வளர்ந்த ஒரு தலைமுறையே இந்தக் காட்சியைப் பார்த்துத்தான் வளர்ந்தது.

நாற்பது வருடம் கழித்து, 2019 ஜூலையில், அதே பையன் அதே அப்பாவோடு மறுபடி திரைக்கு வந்தான். படத்தின் பெயர் ‘நேஜா’. இந்த முறை அவன் பிறக்கும்போதே ஒரு சாபம் கூட வருகிறது. மூன்று வயது முடியும் நாளில் வானத்திலிருந்து இடி இறங்கி அவனைக் கொல்லும். அப்பா லி ஜிங் யாருக்கும் சொல்லாமல் ஒரு மந்திரச் சீட்டை வாங்கி வைத்திருக்கிறார். மகன் மேல் விழவேண்டிய இடியைத் தன் மேல் இழுத்துக்கொள்ளும் சீட்டு அது.

இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகு, சீன அனிமேஷன் படங்களை வேறு மாதிரிப் பார்க்க என்னால் முடியவில்லை. முன்பு குழந்தை பெற்றோருக்காக உயிரைக் கொடுத்தது. இப்போது பெற்றோர் குழந்தைக்காகக் கொடுக்க முன்வருகிறார்கள். 2015-க்குப் பிறகு வந்த நல்ல படங்கள் பலவற்றில் ஏதோ ஒரு இடி ஒரு குழந்தையை நோக்கி வந்துகொண்டே இருக்கிறது. அதை எந்தப் பெரியவர் தாங்குகிறார், யார் தாங்காமல் விட்டுவிடுகிறார் என்பதில்தான் கதை இருக்கிறது. அதைப் பேச வேண்டுமானால் முடிவுகளையும் சொல்லித்தான் ஆகவேண்டும். படங்களைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படித்தாலும் எனக்குச் சந்தோஷமே.

பழைய கணக்கு எவ்வளவு கடுமையானது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நேஜாவின் கதை விரிவாக வருவது மிங் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில் உருவான ‘ஃபெங்ஷென் யான்யி’ என்ற பெருங்கதையில். அதில் அப்பா இன்னும் மோசம். பையன் செத்த பிறகு அவனுக்கு அம்மா ரகசியமாக எழுப்பிய கோயிலையும் தீவைத்து எரித்துவிடுகிறார். தாமரையிலிருந்து மறுபடி பிறந்து வரும் மகன் அப்பாவைக் கொல்லத் துரத்துகிறான். அவனை அடக்குவதற்காக அப்பாவின் கையில் ஒரு சிறு கோபுரம் கொடுக்கப்படுகிறது. சீனக் கோயில்களில் கையில் கோபுரம் ஏந்தி நிற்கும் தளபதியின் சிலை இவருடையதுதான். மகனிடமிருந்து தப்பிக்க ஆயுதம் ஏந்திய தகப்பன்! இதைக் கும்பிடும் இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

மாவோ காலத்தில் பெற்றோரின் இடத்துக்குக் கம்யூன் என்ற கூட்டுப்பண்ணை வந்தது. 1964 பிப்ரவரியில் உள் மங்கோலியாவில் இரண்டு சிறுமிகள், அக்காவுக்கு 11 வயது, தங்கைக்கு 9, கம்யூனுக்குச் சொந்தமான 384 ஆடுகளைப் பனிப்புயலில் விடாமல் காத்தார்கள். ஆடுகள் கிட்டத்தட்ட எல்லாமே பிழைத்தன. தங்கையின் கால்கள் உறைபனியில் போயின. அடுத்த வருடமே இதை ‘புல்வெளியின் வீரச் சகோதரிகள்’ என்று அனிமேஷன் படமாக எடுத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். ஒன்பது வயதுக் குழந்தையைப் புயலில் தனியாக விட்டது யார் என்ற கேள்வி அந்தப் படத்துக்குத் தோன்றவே இல்லை. 1999-இல் வந்த ‘தாமரை விளக்கு’ படத்தில், மலைக்கடியில் சிறைப்பட்டிருக்கும் அம்மாவை மீட்பது மகனின் பொறுப்பு. இங்கும் கடன் குழந்தையின் தலையில்தான்.

பிறகு என்ன மாறியது? எனக்குத் தோன்றுவது இதுதான்: 1979 நேஜாவைப் பார்த்து அழுத பிள்ளைகள் வளர்ந்து அப்பா அம்மா ஆகிவிட்டார்கள். அவர்களில் பலர் ஒரே குழந்தை என்ற சட்டம் நடப்பில் இருந்த காலத்தில் வளர்ந்தவர்கள், வீட்டின் ஆசை முழுவதையும் ஒற்றை ஆளாகச் சுமந்தவர்கள். அவர்களில் சிலர் இயக்குநர்கள் ஆனார்கள், மற்றவர்கள் டிக்கெட் வாங்கிப் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். அதனால் இன்றைய சீன அனிமேஷன் குழந்தையைக் குழந்தையின் உயரத்திலிருந்தும் பார்க்கிறது, தவறு செய்த பெற்றோரின் உயரத்திலிருந்தும் பார்க்கிறது.

2019 நேஜாவை எடுத்தவர் ஜியாவ்ஸி என்ற புனைபெயர் கொண்ட யாங் யூ. மருந்தியல் படித்தவர். வேலையை விட்டுவிட்டு மூன்று வருடத்துக்கு மேல் வீட்டிலேயே உட்கார்ந்து தன் முதல் குறும்படத்தைத் தனியாகச் செய்தார். வீட்டில் வந்த வருமானம் அம்மாவின் ஓய்வூதியம் மட்டும், மாதம் ஆயிரம் யுவான் அளவுக்கு. இதைத் தெரிந்துகொண்டு அவருடைய படங்களைப் பார்த்தால் அந்த அம்மா பாத்திரம் யாரைப் பார்த்து எழுதியது என்று கேட்கத் தேவையில்லை.

அந்த நேஜாவைப் பாருங்கள். கண்ணைச் சுற்றிக் கருவளையம், இரண்டு கையும் கால்சட்டைக்குள், தோளைத் தொங்கப்போட்டு நடக்கும் நடை, பல் தெரியும் சிரிப்பு. அழகான குழந்தை இல்லை. 1979 படத்தின் நேஜா கோயில் ஓவியத்திலிருந்து இறங்கி வந்தவன் மாதிரி இருப்பான். இவனைப் பார்த்தால் எந்தத் தெருவிலும் பெரியவர்கள் ‘இவனோடு சேராதே’ என்று பிள்ளைகளிடம் சொல்வார்கள். படத்திலும் அதுதான் நடக்கிறது. தெய்வ முத்திலிருந்து பிறந்திருக்க வேண்டியவன், திருட்டு நடந்ததால் அசுர முத்திலிருந்து பிறந்துவிட்டான். ஊருக்கு அவன் பேய்ப்பிள்ளை. விளையாட யாரும் இல்லை. வீட்டைச் சுற்றி மந்திர வேலி. தப்பி வெளியே போனால் கல்லடி, அவன் திருப்பிச் சேட்டை செய்தால் மறுபடி வேலி.

அம்மா யின் ஊரைக் காக்கும் வீராங்கனை. அசுரர்களோடு சண்டை போட்டுவிட்டுக் கவசத்தோடு வீட்டுக்கு வருவாள். வந்ததும் மகனோடு காலால் இறகுப்பந்து உதைத்து விளையாடுவாள், ஒரு ஆட்டம் முடிவதற்குள் மறுபடி அழைப்பு வரும். வேலைக்குப் போகும் அம்மாக்களை நான் எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறேன். இந்த அளவுக்கு நியாயமாக, அவளைக் குற்றவாளி ஆக்காமல், பையனின் ஏக்கத்தையும் மறைக்காமல் எழுதிய படம் குறைவு. அப்பா லி ஜிங் முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஆனால் மகனின் மூன்றாவது பிறந்தநாளுக்கு வரச்சொல்லி ஊரில் வீடு வீடாகப் போய்க் கெஞ்சுபவர் அவர்தான்.

இந்தப் பெற்றோர் ஒரு பொய் சொல்கிறார்கள். நீதான் தெய்வ முத்தின் பிள்ளை, உன் சக்தியைப் பார்த்துத்தான் ஊர் பயப்படுகிறது என்று. அக்கா மகனோடு படத்தைப் பார்த்தபோது அவன் இந்த இடத்தில்தான் என் பக்கம் திரும்பினான். “மாமா, அவங்க ஏன் அவன்கிட்ட உண்மையைச் சொல்லல?” எட்டு வயதுப் பிள்ளைக்கு இடி, சாபம், டிராகன் எதுவும் பெரிய விஷயமாகப் படவில்லை. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து மறைத்ததுதான் உறுத்தியது. நல்லதுக்குத்தான் சொன்னார்கள் என்றேன். அந்தப் பதில் அவனுக்குப் போதவில்லை. படமும் அதைப் போதும் என்று விட்டுவிடவில்லை. பிறந்தநாள் விருந்தில், ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது, எதிரியின் வாய் வழியாக அந்த உண்மை பையனுக்குத் தெரிகிறது. பெற்றோரின் அன்புப் பொய்க்கு அவன் கொடுக்கும் விலையைப் படம் ஒளிக்காமல் காட்டுகிறது.

“என் விதி என் கையில், வானத்தின் கையில் இல்லை” என்ற வசனம்தான் இந்தப் படத்திலிருந்து ஊரெல்லாம் பரவியது. எனக்கு அந்த வசனத்தைவிட, அப்பா செய்த ஏற்பாடு தெரிந்ததும் பையன் முகத்தில் வரும் குழப்பம் பெரிது. தன்னை வெறுக்கிறார் என்று நினைத்திருந்த ஆள் தனக்காகச் சாகத் தயாராக இருக்கிறார். அந்தச் சீட்டைக் கிழித்துப்போட்டுவிட்டு, இடியைத் தானே வாங்கிக்கொள்ளத் துணிகிறான். அப்பா தர முன்வந்ததால்தான் அவனால் அதை மறுக்க முடிந்தது. 1979 பையனுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

இங்கே ஒரு கிளைப்பாதை. நேஜா நமக்கு முற்றிலும் வெளியாள் இல்லை. குபேரனின் மகன் நளகூபரனைத் தெரியுமல்லவா? தம்பி மணிக்கிரீவனோடு சாபத்தால் மருத மரமாக நின்று, உரலில் கட்டுண்ட கண்ணன் இரண்டு மரங்களுக்கும் நடுவே உரலை இழுத்துக்கொண்டு போனதும் விடுபட்டவன். பௌத்த நூல்கள் வழியாகச் சீனம் போய்ச் சேர்ந்த நளகூபரன்தான் பல நூற்றாண்டுகளில் நேஜாவாக உருமாறினான். குபேரனாகிய வைசிரவணன் அங்கே லி ஜிங்கோடு ஒன்றானான். இதை ஆராய்ந்த மெய்ர் ஷஹர், குழந்தைக் கண்ணனின் சாயலும் நேஜாவில் கலந்திருக்கிறது, காளியனை அடக்கிய கதைதான் கடல் டிராகனோடு மோதும் கதையில் எதிரொலிக்கிறது என்று வாதிடுகிறார். எனக்கு இதில் வியப்பு, ஒரே விதை இரண்டு மண்ணில் எப்படி வளர்ந்தது என்பதில். பெரியாழ்வார் பாடல்களிலும் ஊர்ப் பெண்கள் யசோதையிடம் வந்து பிள்ளையைப் பற்றி முறையிடுகிறார்கள். அந்த முறையீடே கொஞ்சல்தான். கண்ணனின் குறும்பை ஊர் ரசிக்கிறது. நேஜாவின் குறும்புக்கு ஊர் கதவைச் சாத்துகிறது. சேட்டை செய்யும் பிள்ளையைக் கொண்டாடவும் தெரிந்த, தண்டிக்கவும் தெரிந்த இரண்டு பண்பாடுகளும் ஒரே கதையின் இரண்டு கரைகள்.

சரி, படத்துக்கு வருவோம். நேஜாவின் கூட்டாளி ஆவ் பிங், டிராகன் அரசனின் மகன். நேஜாவுக்குச் சேரவேண்டிய தெய்வ முத்து இவனிடம் போய்விட்டது. அடக்கமானவன், படிப்பாளி மாதிரி, பெரியவர் சொல் தட்டாதவன். டிராகன் இனம் கடலுக்கடியில் சிறைக்காவல் வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இவன் தேவனானால் இனமே மேலே வரும். அதற்காக ஒவ்வொரு டிராகனும் தன் உடம்பில் மிகக் கடினமான செதிலைப் பிய்த்துக் கொடுக்கிறது. எல்லாம் சேர்த்து அவனுக்கு ஒரு கவசம் செய்கிறார்கள். நேஜாவைவிட இந்தப் பையனைப் பார்த்துத்தான் எனக்கு அதிகம் வலித்தது. நேஜாவின் பிரச்சினை யாரும் அவனிடம் எதையும் எதிர்பார்க்காதது. இவனிடம் ஒரு இனமே எதிர்பார்க்கிறது. ஊரே நகையை அடகு வைத்து மருத்துவம் படிக்க அனுப்பிய பிள்ளை போல, அவனால் அந்தக் கவசத்தைக் கழற்றவும் முடியாது, அதைப் போட்டுக்கொண்டு ஓடி விளையாடவும் முடியாது. கடற்கரையில் நேஜாவோடு இறகுப்பந்து உதைக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் அவனுக்குக் கிடைத்த குழந்தைப்பருவம்.

2025 சீனப் புத்தாண்டன்று வந்த ‘நேஜா 2’ இதை இன்னும் விரித்தது. 1500 கோடி யுவானுக்கு மேல் வசூல், உலக அளவில் 200 கோடி டாலரைத் தாண்டிய முதல் அனிமேஷன் படம். சண்டைக்காட்சிகளின் பிரம்மாண்டம் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அதில் வரும் ஒரு சின்னப் பையன், ஷென் ஷியாவ்பாவ். முதல் படத்தின் வில்லன் ஷென் கோங்பாவின் தம்பி. சிறுத்தை அசுரக் குடும்பம். அண்ணன் தேவலோகத்தில் பெரிய நிலையில் இருக்கிறான் என்று வீடே நம்புகிறது. தம்பிக்கு அண்ணன்தான் தெய்வம், அவனைப்போல ஆகவேண்டும் என்று விடியுமுன் எழுந்து பயிற்சி செய்கிறான். அண்ணனுக்கோ அங்கே பிறப்பைச் சொல்லிச் சொல்லியே மரியாதை மறுக்கப்படுகிறது. அதை வீட்டில் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பரீட்சை எழுதி நகரம் போன முதல் தலைமுறைப் பிள்ளையின் வீட்டுக் கதை இது. இந்த ஒரே கிளைக்கதையில் வில்லன் மனிதனாகிவிட்டான்.

அதே படத்தில் டிராகன் அரசன் மகனிடம், என் அனுபவத்தை வைத்து உனக்கொரு நல்ல எதிர்காலம் அமைக்கப் பார்த்தேன், என் அனுபவம் கடந்த காலத்தையது, எல்லாம் சரியாக இருக்கவேண்டியதில்லை, உன் வழியை நீயே பார்த்துக்கொள் என்ற பொருளில் பேசுகிறார். ஒரு ஆசிய அப்பா வாயிலிருந்து இது வருவதைத் திரையில் கேட்க எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது! பிறகு அம்மா யின். மகனின் உடம்புக்குள்ளிருந்து முட்கள் வெளியே குத்திக்கொண்டு நிற்கின்றன. அந்த முட்கள் தன் மேல் ஏறுவதைப் பொருட்படுத்தாமல் அவனை இறுக்கி அணைக்கிறாள். நீ தேவனா அசுரனா என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை, நீ என் பிள்ளை, அவ்வளவுதான் என்கிறாள். திரையரங்கங்களில் பெரியவர்கள் அழுதார்கள் என்று படித்தபோது ஆச்சரியப்படவில்லை.

ஆனாலும் எனக்கு இங்கே ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. மகன் முழு வடிவம் எடுக்க அம்மா சாகவேண்டியிருக்கிறது. அவ்வளவு பெரிய வீராங்கனையின் கதைக்குப் படத்தில் கடைசி வேலை அதுதான். பெற்றோர் பலியாவது பிள்ளை பலியாவதைவிட மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். யாருமே பலியாகாமல் ஒரு குழந்தை வளர்வதைக் காட்ட இந்தப் படங்களுக்கு இன்னும் துணிவு வரவில்லை.

தேவலோகத்துக் குழந்தைகளுக்கு 1500 கோடி. மண்ணில் வாழும் குழந்தைக்கு எவ்வளவு? 2021 டிசம்பரில் சுன் ஹாய்பெங் எடுத்த ‘ஐ ஆம் வாட் ஐ ஆம்’ ஏறக்குறைய 25 கோடி யுவானோடு நின்றுவிட்டது. நாயகன் ஆ ஜுவான் குவாங்டோங் கிராமத்துப் பையன், பதின்வயதின் கடைசியில் இருப்பவன். அப்பாவும் அம்மாவும் குவாங்ஜோவில் கூலி வேலை செய்கிறார்கள். இவன் தாத்தாவோடு ஊரில். 2020 கணக்குப்படி சீனக் கிராமங்களில் மட்டும் இப்படிப் பெற்றோர் பிழைக்கப்போன இடத்திலிருந்து விலகி வாழும் பிள்ளைகள் நான்கு கோடிக்கு மேல். அவர்களில் ஒருவனை நாயகனாக்கிய படம் இது. சிங்க நடனப் போட்டி குவாங்ஜோவில் நடக்கிறது. அங்கே போனால் அப்பா அம்மாவைப் பார்க்கலாம் என்பதும் அவன் ஆடக் கற்றுக்கொள்வதற்கு ஒரு காரணம். ஆடத் தெரியாத இரண்டு நண்பர்கள், கருவாடு விற்கும் ஒரு பழைய ஆட்டக்காரர் குரு. முதல் பாதி முழுக்கச் சிரிப்பு.

பிறகு அப்பா வேலையிடத்தில் விபத்துக்குள்ளாகி நினைவில்லாமல் ஊருக்குக் கொண்டுவரப்படுகிறார். பையன் சிங்கத் தலையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கூலி வேலைக்கு நகரம் போகிறான். இங்கே இடியைத் தாங்க ஆள் இல்லை. மந்திரச் சீட்டு வாங்க அந்த அப்பாவுக்கு வசதியும் இல்லை, உடம்பும் இல்லை. ஒரு விடியற்காலையில் நகரத்து மொட்டைமாடியில், பார்க்க யாருமே இல்லாமல், சிங்கத் தலையை மாட்டிக்கொண்டு அவன் ஆடுகிறான். குழந்தைப்பருவம் ஒருவனைவிட்டுப் போகும் நேரத்தை இதைவிட நன்றாகக் காட்டிய அனிமேஷன் காட்சியை நான் பார்த்ததில்லை. கடைசியில் போட்டியில் யாராலும் எட்ட முடியாத தூணை நோக்கித் தாவுகிறான், சிங்கத் தலை அதன் உச்சியில் மாட்டிக்கொள்கிறது. அதோடு முடித்திருந்தால் வழக்கமான வெற்றிப் படம். ஆனால் முடிவில் அவன் ஷாங்காயில் நெருக்கமான ஒரு தங்குமிடத்தில் எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். தாவியதால் வறுமை தீரவில்லை. அந்த நேர்மைக்காகவே இந்தப் படத்தை மதிக்கிறேன்.

படம் வந்தபோது சீனாவில் எழுந்த பெரிய சண்டை, பாத்திரங்களின் கண்கள் சிறியதாக, சாய்வாக இருக்கின்றன, மேற்கத்தியர்களின் கேலிச்சித்திரத்துக்குப் பணிந்துவிட்டார்கள் என்பது. அந்தக் கோபத்தின் வரலாறு எனக்குப் புரிகிறது. ஆனாலும் கண்ணின் அளவைப் பற்றிப் பேசிய அத்தனை பேரும், அந்தக் கண் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று பேசியிருந்தால் அந்தப் பையனுக்கு நியாயம் கிடைத்திருக்கும்.

இப்போது நான் மிகவும் நேசிக்கும் படம். டியன் ஷியாவ்பெங் ஏழு வருடம் உழைத்து 2023 புத்தாண்டுக்கு வெளியிட்ட ‘டீப் சீ’. ஷென்ஷியூ என்ற பெண்குழந்தை, சிவப்பு மேலாடை. அம்மா வீட்டைவிட்டுப் போய்விட்டாள். அப்பாவுக்கு வேறொரு கல்யாணம், புதிதாக ஒரு தம்பி. யாரும் அவளை அடிப்பதில்லை, திட்டுவதில்லை. அவள் அந்த வீட்டின் ஓரத்தில் இருக்கிறாள், அவ்வளவுதான். கொடுமைக்காரச் சித்தியை வைத்து இந்தக் கதையைச் சுலபமாக எழுதியிருக்கலாம். இங்கே எல்லோரும் சாதாரணமானவர்கள், எல்லோருக்கும் வேலை இருக்கிறது. கொஞ்சம் சிரித்துக்கொண்டு இரு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவளும் சிரிக்கப் பழகுகிறாள். அந்தப் பழகிய சிரிப்பு படம் முழுக்க அவள் முகத்தில் வந்து வந்து போகும். பார்க்கப் பார்க்கத் தொண்டை அடைக்கும்.

குடும்பத்தோடு கப்பலில் உல்லாசப் பயணம் போகும்போது, புயல் இரவில், சின்ன வயதில் அம்மா சொன்ன கதையின் கடல் பிராணியைத் தேடித் தளத்துக்கு வந்து கடலில் விழுகிறாள். அடுத்த ஒன்றரை மணிநேரம் நிறங்களின் வெள்ளம். கடலுக்கடியில் ஓர் உணவகம், மீன்கள் வாடிக்கையாளர்கள், கடல் நீர்நாய்கள் வேலையாட்கள், நான்ஹெ என்ற கோமாளித்தனமான பணப்பித்து முதலாளி. சீன மை ஓவியத்தின் பரவலை லட்சக்கணக்கான வண்ணத் துகள்களில் கொண்டுவந்திருக்கிறார்கள். அழகு சில இடங்களில் அளவுக்கு மிஞ்சி மூச்சுத் திணறுகிறது. ஏன் இவ்வளவு என்று எரிச்சல்கூட வரும். காரணம் கடைசியில் தெரிகிறது. இது மூழ்கிக்கொண்டிருக்கும் குழந்தையின் மூளை காட்டும் கனவு. கப்பலில் கோமாளி வேஷம் போட்டு வேலை செய்த ஒருவன் அவளைக் காப்பாற்றக் கடலில் குதித்திருக்கிறான். குளிர்ந்த தண்ணீரில் அவள் நினைவிழக்காமல் இருக்க வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறான். உலகம் சில நேரம் இருண்டிருக்கும், இருந்தாலும் எங்கோ துளி வெளிச்சம் இருக்கும், அது போதும் பிழைத்திருக்க என்று. அவள் பிழைக்கிறாள். அவன் கரைக்கு வரவில்லை.

இங்கே இடியைத் தாங்கியவன் அப்பா இல்லை, உறவுக்காரன்கூட இல்லை. அன்றைக்குக் கப்பலில் பார்த்த யாரோ. இந்தத் தேர்வில் ஒரு பெரிய கோபம் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. பெற்றோர் எப்படியும் கடைசியில் தாங்குவார்கள் என்ற நேஜாவின் நம்பிக்கை இந்தப் படத்துக்கு இல்லை. நீண்ட இரவைக் கடந்து வந்தவர்களுக்கு என்று படத்தைக் காணிக்கையாக்கியிருக்கிறார் இயக்குநர். குழந்தையின் மனச்சோர்வை நோயாகவே எடுத்துக்கொண்டு, அதைப் பிடிவாதம் என்றோ செல்லம் என்றோ சொல்லாமல், பெரும் பணம் போட்டு விடுமுறைக்காலப் படமாக எடுத்தது சாதாரண விஷயம் இல்லை.

அங்கேதான் ஒரு நடைமுறைச் சிக்கல். சீனாவில் திரைப்படங்களுக்கு வயதுவாரிச் சான்றிதழ் கிடையாது. எல்லாப் படமும் எல்லோருக்கும். 2017-இல் வந்த ‘தாஹுஃபா’ என்ற அனிமேஷன் படக்குழு தாங்களாகவே பதின்மூன்று வயதுக்கு மேல் என்று அறிவித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அனிமேஷன் என்றால் நான்கு வயதுப் பிள்ளையும் மடியில் உட்கார்ந்து பார்க்கும் என்பது அங்கும் இங்கும் ஒன்றுதான். குழந்தைகளைப் பற்றிய படம் வேறு, குழந்தைகளுக்கான படம் வேறு. இரண்டையும் ஒரே படத்தில் அடைக்க முயலும்போது நேஜாவில் வருவது போல, கண்ணீர்க் காட்சிக்கு அடுத்த நொடியே சிறுநீர் நகைச்சுவை வந்து நிற்கிறது.

டியன் ஷியாவ்பெங்கின் முந்தைய படமான ‘மங்கி கிங்: ஹீரோ இஸ் பேக்’ (2015) இந்த அலைக்கே கதவைத் திறந்தது. அதில் வரும் ஜியாங் லியூஅர் என்ற அநாதைச் சிறுவன்தான் இத்தனை படங்களிலும் உண்மையில் குழந்தையாக இருக்கும் ஒரே குழந்தை என்பேன். குரங்கரசன் சுன் வுகோங்கின் பரம ரசிகன். ஐந்நூறு வருடம் சிறையிருந்து வெளியே வந்த அந்த மாவீரன் முன்னால் நின்று அவன் கேட்கும் கேள்விகளுக்கு முற்றுப்புள்ளியே இல்லை. காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான் வுகோங். அவன் பேச்சில் எந்த விதியும் இல்லை, சாபமும் இல்லை. பிடித்தவரைப் பார்த்த சந்தோஷம் மட்டும். அதே படத்தில் அவன் தூக்கிக்கொண்டு அலையும் சின்னப் பெண்குழந்தை இருக்கிறாளே, அவளுக்கு வேலை தூக்கப்படுவதும் கடத்தப்படுவதும்தான். பெண்குழந்தைகள் விஷயத்தில் இந்த அலை முழுவதுமே கஞ்சத்தனம் காட்டுகிறது. ஷென்ஷியூ மாதிரி ஒரு படத்தைத் தன் தோளில் தாங்கும் சிறுமி அபூர்வம். அவளும் மூழ்கித்தான் கதைக்குள் வரவேண்டியிருந்தது.

வீட்டில் குழந்தைகளோடு பார்க்க நினைப்பவர்களுக்கு என் வரிசை இது. ஆறேழு வயதுக்கு ‘மங்கி கிங்’, வில்லன் வரும் கடைசிப் பகுதி கொஞ்சம் பயமுறுத்தும், பக்கத்தில் இருங்கள். எட்டு வயதுக்கு மேல் முதல் ‘நேஜா’. இரண்டாவதில் ஊரே அழியும் காட்சியும் அம்மாவின் சாவும் இருப்பதால் இன்னும் இரண்டு வருடம் பொறுக்கலாம். பன்னிரண்டுக்கு மேல் ‘ஐ ஆம் வாட் ஐ ஆம்’. வேலைக்காக அப்பாவோ அம்மாவோ வெளியூரில் இருக்கும் வீடுகளில் அவர்களும் ஊருக்கு வந்திருக்கும் நாளாகப் பார்த்துப் போடுங்கள். ‘டீப் சீ’யை முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். உங்கள் பிள்ளைக்கு எப்போது காட்டலாம் என்பது அப்புறம் உங்களுக்கே தெரியும். 1979 நேஜா இணையத்தில் கிடைக்கிறது, ஒரு மணிநேரப் படம்தான். அதை நான் இன்னும் அக்கா மகனுக்குக் காட்டவில்லை.